பதிவில் இருபது, மேடையில் எண்பது

1943-ஆம் வருஷத்துக்கு ஏதோ ஒரு ராசி இருந்திருக்கிறது. பிப்ரவரியில் லிவர்பூலில் ஜார்ஜ் ஹாரிசன் பிறந்தார். ஜூனில் பண்ணைப்புரத்தில் இளையராஜா. ஜூலையில் லண்டனை ஒட்டிய டார்ட்ஃபோர்டில் மிக் ஜாகர், செப்டம்பரில் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், டிசம்பரில் மறுபடியும் அதே டார்ட்ஃபோர்டில் கீத் ரிச்சர்ட்ஸ். பீட்டில்ஸ் குழுவின் ஹாரிசன் 2001-ல் காலமாகிவிட்டார். மற்ற நால்வரும் எண்பது வயதைத் தொட்ட பிறகும் மேடை ஏறியவர்கள். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இருக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2024-ல் அமெரிக்காவைச் சுற்றி வந்தபோது அந்தப் பயணத்துக்கு விளம்பரதாரராக முன்வந்தது எது தெரியுமா? ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான, ஓய்வுபெற்றோர் நலன் பேசும் அமைப்பு. நம்மூரில் பென்ஷனர் சங்கம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

கிளாசிக் ராக் என்று இவர்கள் இசையைச் சொல்கிறார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எலெக்ட்ரிக் கிடாரும் பேஸ் கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு உலகத்தை ஆட்டிப்படைத்த பையன்கள், தாத்தாக்களாகியும் அதே பாட்டை மேடையில் பாடுகிறார்கள். பேரன் பேத்தியோடு போய்க் கேட்கிறது கூட்டம்.

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் மிக் ஜாகர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் பேஸ் கிடார் அந்த ஊருக்கு அந்நியம் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்களில் எண்பதுகளில் ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரைவர் தலைக்கு மேலே இரண்டு பாக்ஸ், கடைசி சீட்டுக்குப் பின்னால் இரண்டு. வளையங்குளம் தாண்டியதும் சத்தத்தை ஏற்றுவார்கள். பாட்டின் வார்த்தை இன்ஜின் இரைச்சலில் கரைந்துபோகும்; கடைசி சீட்டுக்காரனின் முதுகில் தட்டிக்கொண்டே வருவது பேஸ் கிடார் ஒன்றுதான். ராக் இசையை ஒருநாளும் கேட்டிராத ஒரு தலைமுறை, அதன் கருவிகளை இப்படித்தான் முதுகெலும்பால் கேட்டுப் பழகியது.

அப்புறம் கேசட் கடை. அறுபது நிமிடக் கேசட் ஒன்றை வாங்கி, ரூல்டு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், மூன்று நான்கு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். பட்டியலின் கடைசிப் பாட்டு அநேகமாகப் பாதியில் அறுந்திருக்கும், டேப் தீர்ந்திருக்கும். அந்தப் பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் காது தானாக நின்றுவிடுகிறது என்று சொல்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. நானும் அதில் சேர்த்தி.

பாட்டு இப்படி வீடு தேடி வந்தது. படத்தின் போஸ்டர்கூடப் பக்கத்துச் சிவகாசியில்தான் அச்சாகி ஊர் ஊராகப் போனது. பாடியவர்களும் வாசித்தவர்களும் மட்டும் வரவில்லை. கந்தக பூமி என்று பேரெடுத்த இந்தப் பக்கத்துக்காரனுக்கு டி.எம்.எஸ். என்பது கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ஆடி பிறந்தால் அதே குழாயில் எல்.ஆர்.ஈஸ்வரி. திருவிழா மேடையில் டி.எம்.எஸ். மாதிரி பாடுகிறவர் வருவார், ஈஸ்வரி மாதிரி பாடுகிறவர் வருவார். ‘மாதிரி’களோடு வாழ்ந்து பழகிய ஊர் இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இளையராஜா என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த ஆள் தென்மாவட்ட மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் பாடுவார். தம்பிகள் பின்னால் வாசிப்பார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலரின் பாட்டு மலையேறிப் போய் ஓட்டுக் கேட்டது சரித்திரம். குரல் உடைகிற வயது வரைக்கும் இளையராஜா பெண் குரலில் பாடி வந்தார் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைய மதுரை, ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் மண் தரையில் உட்கார்ந்து அவர் வாசிப்பை ஓசியில் கேட்ட கிழவர்கள் இருந்திருப்பார்கள். யாரைக் கேட்டோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. (விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல்தான், காரியாபட்டியும் அப்போது ராமநாதபுரத்தில் சேர்த்தி.)

1976-ல் ‘அன்னக்கிளி’. அதற்குப் பிறகு மனிதர் ஸ்டுடியோவுக்குள் போனவர் போனவர்தான். பெரிய மேடைக் கச்சேரி என்று அவர் மறுபடி எழுந்து நின்றது 2005 அக்டோபரில், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். ஜெயா டிவி அதை ஒளிபரப்பியது. வயலின் வரிசையையும் கோரஸ் வரிசையையும் நம் ஆட்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ‘இத்தனை பேரா வாசிச்சிருக்காக!’ என்று வாயைப் பிளந்த வீடுகள் எத்தனையோ. அதுவரைக்கும் ஒரு பாட்டு என்றால் ஒரு பாடகர், ஒரு பாடகி, மூன்றாவதாக ராஜா. அவ்வளவுதான் கணக்கு.

தமுக்கத்தில் ஒரு நாள், ஹாமர்ஸ்மித்தில் ஒரு நாள்

2014 ஏப்ரலில் மதுரை தமுக்கம் மைதானத்தில் ‘ராஜாவின் சங்கீதத் திருநாள்’ நடந்தது. மாநாட்டு மையம் எழும்புவதற்கு முந்திய பழைய தமுக்கம். காரியாபட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எலியார்பத்தி டோல்கேட்டைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். அந்த முப்பது கிலோமீட்டரை அவர் பாட்டு ஒரு நாளைக்கு நூறு தடவை கடந்துகொண்டிருந்தது. அவர் வந்துசேர ‘அன்னக்கிளி’யிலிருந்து முப்பத்தெட்டு வருஷம் ஆனது. அப்போது அவருக்கு எழுபது முடிந்திருந்தது.

பதினோரு வருஷம் கழித்து, 2025 மார்ச் 8-ஆம் தேதி, லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. இந்தச் செய்தியை நம் பத்திரிகைகள் எல்லாமே போட்டன. அரங்கத்தைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஈவென்டிம் அப்போலோ என்ற இன்றைய பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது பழைய ஹாமர்ஸ்மித் ஓடியன். ராக் ரசிகனுக்குக் கிட்டத்தட்ட கோயில். 1973 ஜூலை 3 அன்று டேவிட் போவி தான் போட்டு ஆடிய ‘ஸிக்கி’ வேஷத்துக்கு அந்த மேடையிலேயே முடிவு சொன்னார். 1975 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு குயின் குழு அங்கே வாசித்ததை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. அதே மேடையில் எண்பத்தொரு வயதில் பண்ணைப்புரத்துக்காரர் போய் நின்றார். சிம்பொனியோடு விடாமல் சினிமாப் பாட்டுகளையும் அங்கே அவர் சேர்த்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இலக்கணச் சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளித்திருக்கலாம். கூட்டம் எதற்காக வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அதே வருஷம் செப்டம்பர் 13-ல் தமிழ்நாடு அரசு அவருடைய ஐம்பது ஆண்டுத் திரைப்பயணத்துக்கு விழா எடுத்தது, மறுபடியும் நேரு உள்விளையாட்டரங்கத்தில்.

குரலுக்கு என்ன ஆகிறது?

எண்பது வயதுக்காரர் மேடையில் பாடும்போது கூட்டத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். கண்ணில் தண்ணீர் விடுகிற கட்சி ஒன்று. ‘முன்ன மாதிரி இல்லப்பா’ கட்சி இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர் பொய் சொல்லவில்லை. குரல் நாண்களும் தசைதான். வயதானால் மெலியும், வறளும், சரியாக மூடாது, காற்று கசியும். மார்புக்கூட்டின் நெகிழ்வு குறைவதால் ஒரே மூச்சில் நீளமாக இழுப்பது முடியாமல் போகும். ஆணின் குரல் மெலிந்து சற்று மேலே போகும், பெண்ணின் குரல் தாழ்ந்து இறங்கும்.

இதற்கு மேடைக்காரர்களிடம் வைத்தியம் இருக்கிறது. முதல் வைத்தியம், கட்டையை இறக்குவது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கினால் பாடகருக்கு உச்சத்தில் மூச்சு முட்டாது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். கீபோர்டுக்காரருக்கு அது ஒரு பட்டன். வயலின்காரர்களுக்கு நோட்ஸ் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். புல்லாங்குழல்காரர் குழலையே மாற்ற வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குழல் என்று ஒரு பையே அவரிடம் இருக்கும், கச்சேரி நடுவில் குனிந்து குனிந்து அவர் தேடுவது எதை என்று இனிமேல் பார்த்தால் புரியும். வெளிநாட்டு ராக் குழுக்கள் கிடாரின் ஆறு தந்தியையும் அரைக் கட்டை தளர்த்திவிட்டு, விரலை வழக்கமான இடத்திலேயே வைத்து வாசிக்கின்றன. நாற்பது வருஷம் பழகிய விரலுக்கு வேறு இடம் சொல்லிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது வைத்தியம், மூச்சு விடும் இடத்தை மாற்றுவது. வரியை இரண்டாக உடைத்துப் பாடுவார்கள். தேர்ந்தவர் செய்தால் அது புதிய பாவமாகவே தோன்றும். மூன்றாவது, பல்லவியைக் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டுவது. ஜாகரும் செய்கிறார், நம்மவர்களும் செய்கிறார்கள். எனக்கு இதில் புகார் கிடையாது. அத்தனை வருஷம் நமக்காக அவர் பாடினார். ஒரு பல்லவியை நாம் பாடினால் குறைந்துபோக மாட்டோம்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ட்ராக். பழைய பதிவையோ, அறையில் பத்துத் தடவை பாடித் திருத்திய புதுப் பதிவையோ ஓடவிட்டு, மைக் முன்னால் உதட்டை அசைப்பது. குரல் பிசிறே இருக்காது. உச்சஸ்தாயி இருபது வயதில் போன மாதிரியே போகும். கூட்டம் கைதட்டும். ஆனால் அதற்கு மதுரை வரைக்கும் டிக்கெட் எடுத்துப் போவானேன்? கேசட் வீட்டிலேயே இருக்கிறதே.

இளையராஜா மேடையில் கோபக்காரர் என்று பேச்சு உண்டு. வாசிப்பில் பிசகினால் பாட்டைப் பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவார். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. பலருக்கு அது உறுத்துகிறது. என்னைக் கேட்டால் காசு கொடுத்ததற்கு அதுவே ரசீது. நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க முடிகிறது என்றால் அங்கே மனிதர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நிறுத்தியவரும் நிறுத்தாதவரும்

எஸ்.ஜானகி 2017 அக்டோபர் 28-ல் மைசூரில் ஒரு கச்சேரி பாடினார். அதுதான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாடினார். அப்போது வயது 79. பாட முடியாமல் போய் ஒதுங்கியவர் இல்லை. முடிகிறபோதே கதவைச் சாத்தியவர். அந்தக் கண்ணியத்துக்கு ஒரு கும்பிடு.

டி.எம்.சௌந்தரராஜன் வேறு ரகம். 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த பாடலைத் தொடங்கி வைத்த குரல் அவருடையது. எண்பத்தைந்தைத் தாண்டிய தொண்டை. பழைய கம்பீரம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் எத்தனையோ இளங்குரல்கள் வரிசை கட்டிய அந்தப் பாட்டில், தொடங்குவது யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்தில், 2013 மே மாதம், மதுரைக்காரர் போய்ச் சேர்ந்தார்.

எஸ்.பி.பி. கதை இன்னும் சிக்கல். பாட வந்து ஐம்பது ஆண்டு ஆனதற்காக உலகம் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், 2017 மார்ச்சில், இளையராஜா தரப்பிலிருந்து காப்புரிமை நோட்டீஸ் போனது. நண்பர்கள் இருவருக்கும் நடுவில் வக்கீல். தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒரு மாதம் அதுதான் பேச்சு. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று சட்டம் படிக்காத ஆளெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 2019 ஜூன் 2-ல் சென்னையில் ராஜாவின் பிறந்தநாள் கச்சேரி மேடையில் எஸ்.பி.பி.யும் ஜேசுதாஸும் ஏறிப் பாடினார்கள். அன்றைக்கு ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று போகாமல் இருந்தவர்கள் உண்டு. அடுத்த வருஷம் கொரோனா வந்தது. 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. இல்லை.

பர்மிங்ஹாமில் 2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத் என்ற ராக் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. பாடகர் ஆஸி ஆஸ்பர்னுக்குப் பார்க்கின்சன்ஸ் நோய், நிற்க முடியாது. அரியணை மாதிரி ஒரு நாற்காலி செய்து அதில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே பாடினார். குழுவைத் தொடங்கிய நான்கு பேரும் பல வருஷம் கழித்து ஒன்றாக மேடையில் இருந்தார்கள். 17 நாள் கழித்து ஆஸி செத்துப்போனார். அந்த நாற்காலியில் அவர் பாடியது சுத்தமாக இருந்ததா என்று கேட்ட ரசிகர் யாரையும் நான் பார்க்கவில்லை.

டிக்கெட், பார்க்கிங், எல்.இ.டி. திரை

இதெல்லாம் சரி, போய்ப் பார்ப்பது அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. மேடைக்குப் பக்கத்தில் நல்ல இடத்து டிக்கெட் ஒன்றுக்குப் பட்டாசு ஆலைத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரச் சம்பளம் போய்விடும் என்பது மிகையில்லை. மலிவான டிக்கெட்டில் போனால் பாடகர் கட்டைவிரல் உயரத்தில் தெரிவார். அப்படி ஒரு கச்சேரியில் இரண்டு மணி நேரமும் எல்.இ.டி. திரையையே பார்த்துவிட்டு வந்தேன். யார் நடத்தியது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். சத்தம் மேடையிலிருந்து வந்தது. படம் திரையில் அரை நொடி பிந்தி வந்தது. பாடகர் வாயை மூடிய பிறகு திரையில் பாடிக்கொண்டிருந்தார்.

2023 செப்டம்பர் 10-ல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடியபோது கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய், நிகழ்ச்சியே இடையில் தடைப்பட்டது. யுத்தத்துக்குப் பிறகு அந்த அளவு பெரிய மேடைகள் அங்கே அபூர்வம் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு ராக் கலைஞர்களை வரவழைப்பதில் பெங்களூரு முந்திக்கொண்டது. ரோஜர் வாட்டர்ஸ் 2002-லும், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும், மார்க் நாப்ளர் 2005-லும், அயர்ன் மெய்டன் 2007-லும், மெட்டாலிகா 2011-லும் அங்கே வந்து போனார்கள். அங்கே இன்ஜினியரிங் படிக்கப் போன நம்மூர்ப் பையன்கள் சிலர் கறுப்பு டீ சர்ட்டோடு ஊருக்கு வந்ததன் மர்மம் இதுதான்.

அந்தக் கறுப்பு டீ சர்ட் பையன்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்தேன். பாடகர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். கிடார் யார், பேஸ் யார், டிரம்ஸ் யார், எந்த வருஷம் யார் விலகினார் என்று வம்சாவளியே ஒப்பிப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அதற்கு முந்தின வருஷம் நம் பக்கம் புருஷோத்தமன் இறந்தார். யார் புருஷோத்தமன் என்கிறீர்களா? இளையராஜாவின் டிரம்மர். ‘நிழல்கள்’ (1980) படத்தில் திரையிலேயே தோன்றியவர். தனியார் பஸ்ஸின் கடைசி சீட்டில் நம் முதுகைத் தட்டியதில் பாதி அவர் வேலை. கிடார் சதானந்தம், பேஸ் கிடார் சசிதரன், வயலின் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழல் அருண்மொழி என்ற நெப்போலியன்... இந்தப் பெயர்களைச் சொன்னால் எத்தனை பேருக்கு முகம் ஞாபகம் வரும்? ஆனால் அவர்கள் வாசித்த பிட் ஒன்றைச் சீட்டி அடித்தால் காரியாபட்டியில் பத்து வயசுப் பையன் பாட்டின் பெயரைச் சொல்வான்.

மூத்த கலைஞர்களின் கச்சேரிக்கு எதற்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான். குரல் அப்படியே இருக்கிறதா என்று சோதிக்கப் போகாதீர்கள், இருக்காது. அந்தச் சத்தத்தைத் தன் கையால் உண்டாக்கிய ஆட்கள் யார் என்று பார்க்கப் போங்கள். பதிவில் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

பங்குனிப் பொங்கல் மேடை

அதற்குச் சென்னையும் லண்டனும் போக வேண்டியதில்லை என்பதுதான் நம் பக்கத்து அதிர்ஷ்டம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் வந்தால் ஊருக்கு ஊர் பாட்டுக் கச்சேரி. ஆலைகளுக்கு லீவு. அந்த மேடைகளில் முப்பது நாற்பது வருஷமாக வாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நட்சத்திரங்கள் அல்லர், இவர்களும் மூத்தவர்கள்தாம்.

மல்லாங்கிணறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்த தபேலாக்காரரைச் சொல்கிறேன். எழுபதை நெருங்கியவர். கண்ணாடியை நூலால் பின்மண்டையில் கட்டியிருந்தார். இடது பக்கம் பவுடர் டப்பா, வலது பக்கம் சின்னச் சுத்தியல். புழுக்கத்தில் தோல் இறங்கிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சுத்தியலால் கட்டையைத் தட்டிச் சுருதி சேர்த்தார். பாடகி அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் காதைத் தபேலாவின் மேல் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், தூங்குகிற குழந்தையின் மூச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல என்று எழுத ஆசைதான்; ஆனால் அவர் முகத்தில் இருந்தது சுத்தமான எரிச்சல். ஸ்பீக்கர்காரர் பேஸை ஏற்றி வைத்திருந்தார், அவர் வாசிப்பது அவருக்கே கேட்கவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முந்தைய பிட் வந்தது. எண்பதுகளின் பாட்டு, தபேலா மட்டும் நாலு ஆவர்த்தம் தனியாக ஓடும். அந்த இடத்தில் மூன்றாவது வரிசைக் கிழவர்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். முடிந்ததும் அவர் கையைப் பவுடர் டப்பாவுக்குள் விட்டார். அவ்வளவுதான். யாரும் பெயர் சொல்லவில்லை.

இந்த மேடைகள் வேகமாகக் காலியாகின்றன. காரணம் இசை ரசனை மாறிவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கணக்கு அது இல்லை. கமிட்டிக்காரருக்கும் குழுக்காரருக்கும் நடக்கும் பேரத்தைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

“என்னண்ணே, ரேட்டு இம்புட்டுச் சொல்றீக? போன வருசம் வந்தவுக இதுல பாதிக்கு வந்தாக.”

“அவுக நாலு பேரு, ஒரு லேப்டாப்பு. நாங்க பதினாலு பேரு தம்பி. வேன் வாடகை இருக்கு, சாப்பாடு இருக்கு. வாசிக்கிற ஆளைக் கொண்டாந்தா வாசிக்கிற காசு குடுக்கணும்ல?”

பேரம் அநேகமாக லேப்டாப் பக்கம்தான் சாயும். மைனஸ் ஒன் ட்ராக்கில் வயலின், குழல், தபேலா எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. மேல் குரல் மட்டும் போட்டால் கச்சேரி ரெடி. மேடையில் ஒரு கீபோர்டு நிற்கும், பலநேரம் அழகுக்கு. மிச்சம் பிடித்த காசு ஆடல் பாடலுக்குப் போகிறது. அதற்கு போலீஸ் அனுமதி கிடைக்காவிட்டால் மதுரை ஐகோர்ட் கிளையில் மனு. திருவிழாக் காலத்தில் அந்த மனுக்களே தனிக் கட்டாகச் சேரும்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பழைய கச்சேரிகள் பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும். விடிய விடிய நடக்கும். அந்தக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வரவும் வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் பத்து மணிக் கட்டுப்பாடு மூத்த வாசிப்பாளர்களுக்கு உண்மையில் தோது. அறுபத்தெட்டு வயது ஆளை விடிகாலை மூன்று மணிக்கு டோலக் வாசிக்கச் சொல்வதைவிட, சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்பது அவருக்கும் நல்லது, கேட்கிறவருக்கும் நல்லது. சாமி புறப்பாட்டை அனுசரித்து நேரம் குறிக்கிற கமிட்டிக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஆகவே விழாக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டகப்படிக்காரர்களிடம் வசூல் செய்து குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மேடையில் எத்தனை பேர் கையால் வாசிப்பீர்கள்? மூன்று நாள் விழாவில் ஒரு நாளை லேப்டாப் இல்லாத கச்சேரிக்கு ஒதுக்குங்கள். பாடகருக்குக் கட்டை இறங்கினால் இறங்கட்டும். தபேலாக்காரருக்கு அவர் வாசிப்பது அவருக்கே கேட்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. திருவிழா நோட்டீஸில் எம்.எல்.ஏ. படம் இருக்கிறது, ஒன்றியம் படம் இருக்கிறது, மொய் எழுதியவர், பந்தல் போட்டவர், ரேடியோ செட்காரர் பெயர்கூட இருக்கிறது. வாசிக்கிறவர் பெயர் இல்லை. வரும் பங்குனிக்கு அடிக்கும்போது கிடார் இன்னார், தபேலா இன்னார், குழல் இன்னார் என்று கீழே ஒரு வரி சேருங்கள். நாலு பெயர் கூடப் போட்டதற்காகச் சிவகாசி அச்சகத்தில் யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை.